பழைய லாரி இன்ஜினில் அரித்துப்போன கூலன்ட் நிப்பிளை மாற்றும் முறை

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் அரை லிட்டர் தண்ணீர் குறைந்திருக்கிறது. தரையில் ஈரம் இல்லை. ஓஸ் எல்லாம் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. சரி, ஊற்றிக்கொண்டு போகலாம் என்று ஒரு வாரம் ஓட்டுகிறோம். அடுத்த வாரம் ஒரு லிட்டர் குறைகிறது. பழைய லாரிகளில் இந்தக் கதைக்குப் பாதி நேரம் காரணம் ஒரு சின்ன உலோகத் துண்டு. இன்ஜினிலிருந்து நீட்டிக்கொண்டு, கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் நீர்) ஓடுகிற ஓஸுக்குள் நுழைகிற நிப்பிள், அல்லது வளைந்த நிப்பிளான எல்போ. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஆனால் அதைத் தவறாகக் கழற்றினால் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டே கெட்டுப்போகும்.

இந்த வேலையை முதல் தடவை செய்தபோது ஸ்பேனரின் வாலில் இரண்டடி பைப்பைச் செருகி இழுத்தேன். நிப்பிள் மரைக்கு மேலேயே முறுக்கிக்கொண்டு ஒடிந்தது. ஒடிந்ததைத் துளையிட்டு எடுக்கிறேன் என்று துரப்பணத்தை வைத்ததில் ஹெட்டின் மரையும் போனது. கடைசியில் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஒரு மணி நேர வேலை, மூன்று நாள் வண்டி நின்றது. இனிமேல் முதல் தடவை இந்த வேலையில் இறங்குகிறவருக்கு அந்த மூன்று நாள் மிச்சமாக வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது டாடா 1613 லாரி. அதில் உட்கார்ந்திருப்பது கம்மின்ஸ் 6பிடி, 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. லேலண்டு வண்டியோ பழைய டாடா இன்ஜினோ வைத்திருப்பவர்களுக்கும் முறை ஒன்றுதான். மரை மட்டும் மாறும். அந்த மரை விஷயத்தைத் தனியாகவும் நிதானமாகவும் சொல்கிறேன், ஏனென்றால் புது நிப்பிள் போட்ட பிறகும் கசிகிற வண்டிகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு அதுதான்.

கசிவு அங்கேதானா?

முதலில் இதை உறுதி செய்யுங்கள். தண்ணீர் குறைவதற்கு நிப்பிள் மட்டும் காரணமல்ல. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பம்பின் சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்த வழியாகச் சொட்டும். காற்றாடிக் காற்று அதைப் பின்பக்கம் வாரி அடிப்பதால், பார்க்கிறவருக்கு ஹெட்டில் கசிகிற மாதிரித் தெரியும். ஆகவே முன்பக்கமிருந்து பின்பக்கமாக, மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரத்தின் உச்சிப் புள்ளி எதுவோ அதுதான் ஊற்று.

நிப்பிள் கசிந்தால் அது தன் அடையாளத்தை விட்டுவைக்கும். கசிந்த கூலன்ட் சூட்டில் காய்ந்து, மரையைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். பித்தளை நிப்பிள் என்றால் களிம்பு ஏறியிருக்கும். இரும்பு என்றால் செம்மண் நிறத்தில் துரு வழிந்த கோடு இருக்கும். ஓஸின் வாய்ப்பக்கம் மட்டும் பூத்திருந்தால் உடனே நிப்பிளைக் குறை சொல்ல வேண்டாம். கிளிப் தளர்ந்திருக்கலாம். கிளிப்பைக் கழற்றி ஓஸை விலக்கி உள்ளே இருக்கும் உலோகத்தைப் பாருங்கள். ஓஸ் மூடியிருக்கிற இடத்தில்தான் அரிப்பு ஒளிந்திருக்கும். மேல்பரப்பு பொத்தலும் குழியுமாக இருந்தால், நகத்தால் சுரண்டினாலே பொடி உதிர்ந்தால், எத்தனை கிளிப் போட்டு இறுக்கினாலும் நிற்காது. மாற்றத்தான் வேண்டும்.

பெரிய ஓஸ்கள் மாட்டுகிற எல்போக்கள் போல்ட்டும் பேக்கிங்குமாக இருக்கும். அவற்றை மாற்றுவது சுலபம்: போல்ட்டைக் கழற்று, பழைய பேக்கிங்கைச் சுரண்டு, புதுசைப் போட்டுப் பூட்டு. சிரமம் கொடுப்பது மரை போட்டு ஹெட்டிலோ பிளாக்கிலோ திருகியிருக்கிற சின்ன நிப்பிள்கள்தான். ஏர் கம்ப்ரெசரின் ஹெட்டைக் குளிர வைக்கப் போகிற லைன், உபரித் தொட்டிக்குப் போகிற காற்றுப் போக்கி லைன், ஹீட்டர் உள்ள வண்டியில் ஹீட்டர் லைன். இனி சொல்வதெல்லாம் அந்த மாதிரி நிப்பிளுக்கு.

முந்தின நாள் மாலையே தொடங்குங்கள்

வேலையை மறுநாள் காலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மூடியில் 1 பார் அழுத்தம் குறித்திருந்தால் உள்ளே வெறும் தண்ணீரே 120 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், அந்தத் தண்ணீர் அப்படியே ஆவியாகக் குதித்து முகத்திலும் கையிலும் அடிக்கும். துணியைப் போட்டு மெதுவாகத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். மேல் ஓஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். குளிர்ந்து, தொளதொளவென்று இருந்தால்தான் மூடியில் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், துரு விட ராத்திரி முழுக்க நேரம் கொடுக்கலாம். மாலையில் கம்பி பிரஷ் வைத்து நிப்பிளின் அடியைச் சுற்றி உப்பும் துருவும் போகத் தேயுங்கள். மரை தொடங்குகிற கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கோட்டில் துரு நெகிழ்த்தும் ஸ்பிரேயை அடியுங்கள். கிடைக்காத இடத்தில் டீசல் போதும், ஆனால் அதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். அடித்துவிட்டு, சின்னச் சுத்தியலால் நிப்பிளின் அறுகோணத் தலையைச் சுற்றிச் சுற்றி லேசாகத் தட்டுங்கள். வளைக்கிற அடி வேண்டாம், அதிர வைக்கிற தட்டுதான் வேண்டும். அந்த அதிர்வில்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும். படுக்கப் போகும் முன் ஒருமுறை, காலையில் எழுந்ததும் ஒருமுறை என்று அடித்துத் தட்டுங்கள்.

காலையில் டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கேபினுக்கு அடியில் இன்ஜின் இருக்கும் எல்.பி.டி. வண்டி என்றால் கேபினுக்குள் இருக்கும் இன்ஜின் மூடியைத் தூக்கினால் ஹெட் கைக்கு எட்டும். அப்புறம் ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்து கூலன்டை இறக்குங்கள். முழுவதையும் இறக்க வேண்டியதில்லை, நிப்பிள் இருக்கும் மட்டத்துக்குக் கீழே போனால் போதும். ஆனால் இறங்குகிற தண்ணீர் காவி நிறத்தில் வந்தால் முழுக்க இறக்கிவிடுங்கள், எப்படியும் அதை மாற்றியாக வேண்டும்.

இறக்கிய கூலன்டை அகலமான சட்டியில் பிடித்து உடனே கேனில் ஊற்றி மூடுங்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் ஆடும் குழந்தையும் ருசி பார்த்துக் குடித்துவிடும். அது சிறுநீரகத்தை அழிக்கிற விஷம். சாக்கடையிலோ வேலியோரத்திலோ கொட்டாதீர்கள்.

கழற்றுவது

பழைய ஓஸை இழுத்துப் பிடுங்காதீர்கள். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர் உலோகத்தோடு ஒட்டிப்போயிருக்கும். அதைத் திருகி இழுக்கும் வேகத்திலேயே அரித்த நிப்பிள் ஒடிந்துவிடும். கூர்மையான கத்தியால் ஓஸின் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, வாழைப்பூ மடலைப் பிரிக்கிற மாதிரிப் பிரித்து எடுங்கள். ஓஸ் போகட்டும், புதுசு போடப் போகிறோம்.

இப்போது ஸ்பேனர். வாய் திறந்த ஸ்பேனர் வேண்டவே வேண்டாம். அது இரண்டு பக்கத்தில் மட்டும் பிடிக்கும், உளுத்த தலையின் முனைகளை வழித்துவிடும். ஆறு முனை உள்ள பெட்டி ஸ்பேனரோ ரிங் ஸ்பேனரோ எடுங்கள். பன்னிரண்டு முனை ரிங் கூட இந்த வேலைக்கு அவ்வளவு நல்லதல்ல. நிப்பிளின் வால் நீளமாக இருந்து பெட்டி ஸ்பேனர் இறங்கவில்லை என்றால், ஆக்ஸா பிளேடால் வாலைத் தலைக்கு மேலே அறுத்துவிட்டு ஸ்பேனரை இறக்கலாம். எப்படியும் தூக்கிப் போடுகிற நிப்பிள்தானே.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரை மாட்டியதும் சொல்கிற முதல் வார்த்தை, “தம்பி, மொதல்ல இறுக்கு.” கழற்றப் போகிறவன் எதற்கு இறுக்க வேண்டும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. துரு என்பது மரையின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கட்டியாகிப்போன பொடி. ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம் அசைத்தால் அந்தக் கட்டி உடையும். உடைந்த பிறகு கழற்றும் பக்கம் திரும்புவது சுலபம். அசைந்தது என்று கைக்குத் தெரிந்ததும் நிறுத்தி, எண்ணெய் விட்டு, இப்போது கழற்றும் பக்கம் கால் சுற்று. திரும்பவும் இறுக்கும் பக்கம் கொஞ்சம். மறுபடி எண்ணெய். இப்படி முன்னும் பின்னுமாகப் போனால் துருப்பொடி வெளியே வந்துகொண்டே இருக்கும். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் அந்தப் பொடி மரைக்குள் நசுங்கி மறுபடி பிடித்துக்கொள்ளும்.

அசையவே இல்லையா? ஸ்பேனருக்குப் பைப் செருகும் எண்ணம் இங்கேதான் வரும். செருகாதீர்கள். அதற்குப் பதில் சூடு காட்டுங்கள். சூடு காட்ட வேண்டியது நிப்பிளுக்கு அல்ல, நிப்பிளைச் சுற்றியிருக்கும் வார்ப்பிரும்புக்கு. சுற்றி இருப்பது விரிந்தால்தான் உள்ளே இருப்பது தளரும். அதற்கு முன் அடித்த எண்ணெயையெல்லாம் துணியால் துடைத்துவிடுங்கள். பக்கத்தில் டீசல் பைப்போ ஒயரோ இருந்தால் ஈரச் சாக்குப் போட்டு மறையுங்கள். ஒரு ஆள் வாளியில் தண்ணீரோடு அருகில் நிற்கட்டும். நெருப்பு ஊதும் புளோ லாம்பை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். சிவக்கக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று குதித்து ஓடுகிற அளவு போதும்.

அந்தச் சூட்டில், நெருப்பை அணைத்துத் தள்ளி வைத்த பிறகு, ஒரு மெழுகுவர்த்தியை மரைக் கோட்டில் தொட்டு வையுங்கள். மெழுகு உருகி இடுக்குக்குள் உறிஞ்சப்படும். எண்ணெய் புகாத இடத்தில் உருகிய மெழுகு புகுந்து வழுக்கும். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், ஸ்பிரேக்கு அசையாத நிப்பிள்கள் எனக்கு மெழுகுக்கு அசைந்திருக்கின்றன. மெழுகு விட்டு ஒரு நிமிடம் கழித்து, மறுபடி முதலில் இறுக்கும் பக்கம், அப்புறம் கழற்றும் பக்கம்.

நிப்பிள் இருப்பது தெர்மோஸ்டாட்டின் (சூடு ஏறியதும் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு) அலுமினிய பாடியில் என்றால் சூட்டை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் நிறம் மாறாமலேயே இளகிவிடும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த மாதிரி பாடியைக் கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, பட்டறை வைஸில் பிடித்துக் கழற்றுவது பாதுகாப்பு.

ஒடிந்துவிட்டால்

பதற வேண்டாம். ஒடிந்த நிப்பிளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: நடுவில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது. துரப்பணம் தேவையில்லை.

முதலில் அந்த ஓட்டைக்குள் கிரீஸ் தடவிய துணிச்சுருளை நூல் கட்டிச் செருகுங்கள். உலோகப் பொடி தண்ணீர்ப் பாதைக்குள் போனால் வாட்டர் பம்ப் சீலைத் தின்னும். நூல் கட்டுவது துணியை மறக்காமல் வெளியே எடுக்க.

பைப்பை உள்ளிருந்து பிடித்துத் திருகுகிற எக்ஸ்ட்ராக்டர் கிடைத்தால் ஒரு முறை முயலலாம். மெதுவாக, கையால் மட்டும். கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டரைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள். அது இறங்க இறங்க ஒடிந்த துண்டை வெளிப்பக்கமாக விரித்து மரையோடு இன்னும் இறுக்கிவிடும். கடினமான எஃகில் செய்த அந்தக் கருவி உள்ளே முறிந்தால் சாதாரணத் துரப்பணத்தால் அதைத் தொடக்கூட முடியாது.

நான் நம்புவது ஆக்ஸா பிளேடை. பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கையில் பிடித்து, நிப்பிளின் ஓட்டைக்குள் விட்டு, உள்ளிருந்து வெளிப்பக்கமாக நீளவாக்கில் அறுங்கள். நிப்பிளின் சுவர் மட்டும் அறுபட வேண்டும், ஹெட்டின் மரை வரும் முன் நிறுத்த வேண்டும். பித்தளைக்கும் வார்ப்பிரும்புக்கும் பொடியின் நிறம் வேறு. மஞ்சள் பொடியோடு கருப்புப் பொடி கலந்து வரத் தொடங்கினால் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். இரும்பு நிப்பிளில் இந்த அடையாளம் கிடைக்காது, அங்கே அடிக்கடி நிறுத்தி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு கோடு முடிந்ததும், விரல் அகலத்தில் பாதி தள்ளி இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும் துண்டை மெல்லிய உளியால் உள்பக்கமாகத் தட்டுங்கள். அது மடிந்து விழுந்ததும் மீதி வளையம் பிடி விட்டுவிடும், குறடால் சுருட்டி எடுத்துவிடலாம். அரைமணி நேரம் ஆகும். ஆகட்டும்.

மரை: எல்லாரும் தவறுகிற இடம்

பழைய நிப்பிளைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போய், “இதே மாதிரி அரை இஞ்ச் நிப்பிள் குடுங்க” என்று கேட்பதுதான் எல்லாரும் செய்வது. நான்கு நூல் (அரை இஞ்சுக்குக் கடைப் பேச்சு) என்று கேட்டாலும் அதே நிப்பிள்தான் வரும். நம் ஊர்க் குழாய்க் கடைகளில் விற்கிற பிளம்பிங் சாமானின் மரை பி.எஸ்.பி. என்கிற பிரிட்டிஷ் அளவு. கம்மின்ஸ் இன்ஜினோ அமெரிக்க வடிவமைப்பு. அதன் தண்ணீர்த் துளைகளில் வழக்கமாக இருப்பது என்.பி.டி. என்கிற அமெரிக்க அளவு. இரண்டுமே கூம்பு மரை, 16-க்கு 1 என்ற ஒரே சரிவு. ஆனால் பி.எஸ்.பி. மரைப் பல்லின் கோணம் 55 டிகிரி, என்.பி.டி. பல்லின் கோணம் 60 டிகிரி.

அரை இஞ்ச் அளவில் இது பெரிய ஏமாற்று. இரண்டிலும் ஒரு இஞ்சுக்கு 14 மரைதான். வெளிவிட்டம் பி.எஸ்.பி. 20.96 மி.மீ., என்.பி.டி. 21.34 மி.மீ. ஆகவே பி.எஸ்.பி. நிப்பிள் என்.பி.டி. துளைக்குள் சுகமாக ஏறும், இறுகவும் செய்யும். பார்க்கிறவர் சரியாகத்தான் பூட்டியிருக்கிறது என்று நினைப்பார். உள்ளே பல்லும் பல்லும் முழுதாக உட்காராமல் திருகுச்சுழல் மாதிரி ஒரு மெல்லிய வழி இருக்கும். குளிர்ந்த இன்ஜினில் டெஃப்லான் டேப் அதை அடைத்துக்கொண்டிருக்கும். சூடாகி அழுத்தம் ஏறினால் அந்த வழியே கசியும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள். கூம்பு மரை ஆப்பு மாதிரி வேலை செய்யும். வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

மற்ற அளவுகளில் வித்தியாசம் கைக்கே தெரியும். 3/8 இஞ்சில் பி.எஸ்.பி. 19 மரை, 16.66 மி.மீ. என்.பி.டி. 18 மரை, 17.15 மி.மீ. கால் இஞ்சிலும் 19-க்கு 18-தான், விட்டம் 13.16 மி.மீ.க்கு 13.72 மி.மீ. ஒன்றை ஒன்றில் திருகினால் சில சுற்றில் கடினமாகும். அங்கே பலம் கொடுத்தால் ஹெட்டின் மரை கிழியும்.

எந்த வண்டிக்கு எது என்று ஊகிக்கக் கம்பெனியின் வரலாறு உதவும். சென்னையில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய நிறுவனம், பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்டு ஆனது. அந்த வழி வந்த பழைய இன்ஜின்களில் பிரிட்டிஷ் மரையை எதிர்பார்க்கலாம். டாடா லாரி 1954 முதல் 1969 வரை ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கூட்டில் தயாரானது. அந்தக் குடும்பத்து இன்ஜின்களில் மெட்ரிக் மரையும் செம்பு வாஷரும் சகஜம். கூம்பு இல்லாத அந்த மரையை டேப் சுற்றி அடைக்க முடியாது, வாஷர்தான் அடைக்கும். டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜம்ஷெட்பூரில் 1993-இல் வந்தது. அதோடு டாடா லாரிக்குள் அமெரிக்க மரையும் வந்தது. இப்படி ஒரே கம்பெனி லாரிகளிலேயே இரண்டு நாட்டு மரை இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

ஆனால் ஊகத்தோடு நிற்காதீர்கள். இருபது வருடம் ஓடிய வண்டியில் முன்னால் யாரோ மரை வெட்டும் கருவியான வேறு டேப் போட்டு மரையை மாற்றியிருக்கலாம். மரை அளக்கும் கேஜ் விலை அதிகமில்லை, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 55 டிகிரி, 60 டிகிரி இரண்டும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதன் பல்லைப் பழைய நிப்பிளின் மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், சரியான பல் என்றால் இடைவெளியில் வெளிச்சம் வராது. நிப்பிள் உளுத்துப்போய் அளக்க முடியவில்லை என்றால் ஹெட்டில் உள்ள துளையையே அளக்க வேண்டும். லேத்துக்காரரிடம் இரண்டு அளவிலும் ஒவ்வொரு மாதிரி நிப்பிளை வாங்கி, டேப் சுற்றாமல் கையால் திருகிப் பாருங்கள். சரியான நிப்பிள் மூன்று நான்கு சுற்று வழவழப்பாகப் போய், ஆட்டம் இல்லாமல் நிற்கும். தவறானது ஒன்று தொளதொளக்கும், இல்லை சீக்கிரமே கடிக்கும்.

துளையின் மரையைச் சுத்தம் செய்யச் சரியான அளவில் மரை வெட்டும் கூம்பு டேப்பைக் கிரீஸ் பூசிக் கையால் மட்டும் விடுங்கள். துருவை வழித்தெடுக்கத்தான் அது, புது மரை வெட்ட அல்ல. ஆழமாக விட்டால் துளை பெரிதாகி, நிப்பிள் இறுகாமல் அடிவரைக்கும் போய்விடும். வேலை முடிந்ததும் நூலைப் பிடித்துத் துணியை வெளியே எடுங்கள்.

எந்த உலோகம்?

ஹெட் வார்ப்பிரும்பு என்றால் எஃகும் பித்தளையும் இரண்டும் நன்றாக உழைக்கும். எனக்குப் பித்தளை பிடிக்கும், அடுத்த தடவை கழற்ற அது இடம் கொடுக்கும். பாடி அலுமினியம் என்றால் பித்தளை வேண்டாம். கூலன்டில் நனைந்திருக்கும் இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே பேட்டரியில் நடக்கிற மாதிரியே மின்னோட்டம் நடக்கும், அதில் தேய்வது அலுமினியம்தான். நிப்பிளைக் காப்பாற்றப் போய்ப் பாடியைத் தின்னக் கொடுத்த கதையாகும்.

வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கிற ஜி.ஐ. நிப்பிளை மட்டும் எந்த இன்ஜினிலும் போடாதீர்கள். விலை குறைவு, எங்கும் கிடைக்கும் என்பதால் பலர் போடுகிறார்கள். அதன் துத்தநாகப் பூச்சு கூலன்டில் உள்ள துருத்தடுப்பு மருந்தோடு சேர்ந்து சேறு மாதிரித் திரளும். மருந்தும் தீர்ந்துபோகும், சேறு ரேடியேட்டர் குழல்களில் போய் உட்காரும். இன்னொன்று, ஓஸ் ஏறுகிற முனையில் மேடாக ஒரு வளையம் இருக்க வேண்டும். வளையமில்லாத மொட்டைப் பைப்பில் ஓஸ் சூட்டில் வழுக்கிக் கழன்றுவிடும்.

பூட்டுவது

டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையில், அதாவது மரை முனை உங்களைப் பார்த்திருக்கப் பிடித்தால் கடிகாரம் சுற்றுகிற திசையில், இரண்டு மூன்று சுற்று. முதல் மரையை வெறுமனே விடுங்கள், இல்லாவிட்டால் டேப்பின் பிசிறு உள்ளே போய்த் தெர்மோஸ்டாட்டில் சிக்கும். டேப்புக்குப் பதில் மரைக்கென்றே வருகிற திரவ சீலன்ட் பூசினால் இன்னும் நல்லது. எம்சீல் வேண்டாம்.

கையால் போகும் வரை திருகி, அப்புறம் ஸ்பேனரில் ஒன்றரை முதல் இரண்டு சுற்று. அதோடு நிறுத்துங்கள். எல்போ என்றால் அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தாண்டிப் போய்விட்டது என்று பின்னால் திருப்பாதீர்கள், அடைப்பு பிடி விட்டுவிடும். தாண்டினால் முழுக்கக் கழற்றிப் புது டேப் சுற்றி மறுபடி தொடங்க வேண்டும்.

ஓஸ் கூலன்டுக்கென்று செய்ததாக இருக்கட்டும். உள்விட்டம் நிப்பிளுக்குச் சரியாக, கையால் தள்ளினால் கொஞ்சம் முரண்டு பிடித்து ஏற வேண்டும். ஏறவில்லை என்று கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவ வேண்டாம். கூலன்ட் ஓஸின் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் தொட்டுத் தள்ளுங்கள். இன்ஜின் ஓடும்போது குலுங்கும் என்பதால் ஓஸ் விறைப்பாக இல்லாமல் கொஞ்சம் தொய்வாக இருக்கட்டும், ஆனால் எக்ஸாஸ்ட் பக்கம் சாயக்கூடாது. கிளிப் அந்த மேட்டு வளையத்துக்கு அப்பால், இன்ஜின் பக்கம் உட்கார வேண்டும். வளையத்தின் மேலேயே கிளிப் போட்டால் பிடிப்பது போலத் தெரியும், கசியும்.

தண்ணீர் ஊற்றுவது

கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. கலந்தே வருவது என்றால் அப்படியே ஊற்றலாம். தண்ணீர் கலக்க வேண்டுமானால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். போர்த் தண்ணீர் மட்டும் வேண்டாம். திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் போர்த் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அதே வெள்ளைச் செதில்தான் ஹெட்டுக்குள்ளும் படியும். இந்த நிப்பிள் உளுத்ததற்கும் அந்தத் தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம். ரோட்டில் அவசரத்துக்கு எதையாவது ஊற்ற நேர்ந்தால் தவறில்லை, வண்டி வீடு சேர வேண்டும். வந்ததும் இறக்கிவிட்டுச் சரியானதை ஊற்றிவிடுங்கள்.

அவசரமாக ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். மெதுவாக ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தி, மட்டம் இறங்கியதும் மறுபடி ஊற்றுங்கள். பேட்டரியை மாட்டி, மூடி திறந்தபடியே இன்ஜினை ஐடிலில் ஓட விடுங்கள். கம்மின்ஸில் தெர்மோஸ்டாட் சுமார் 83 டிகிரியில் திறக்கத் தொடங்கும். அது வரை மேல் ஓஸ் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், திறந்ததும் சட்டென்று சூடாகும். அந்த நேரத்தில் காற்றுக் குமிழி வெளியேறி மட்டம் குறையும். நிரப்பி மூடியைப் போடுங்கள்.

மீட்டர் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீருக்குப் பதில் காற்று நின்றால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் கீழேயே இருக்கும். மேல் ஓஸ், கீழ் ஓஸ், புதிதாகப் போட்ட சின்ன ஓஸ் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். மூன்றிலும் சூடு வந்தால் சுற்று ஓடுகிறது. கம்ப்ரெசர் லைனில் மட்டும் சூடு வரவில்லை என்றால் அங்கே காற்று அடைத்திருக்கிறது, கிளிப்பைத் தளர்த்திக் காற்றை விட வேண்டும். இதை இன்ஜினை நிறுத்தி, ஆறிய பிறகு செய்யுங்கள்.

மூடி போட்டு, இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது, நிப்பிளின் அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைக் காகிதம் காட்டும். பக்கத்தில் காற்றாடி சுற்றுகிறது என்பதை மறக்காமல், துண்டோ தொங்குகிற சட்டைக் கையோ இல்லாமல் குனியுங்கள்.

ரப்பர் முதல் சூட்டில் அமுங்கும். ஆகவே மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, கிளிப்புக்கு அரைச் சுற்று இறுக்கம் கொடுத்து, ரேடியேட்டர் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள். உள்ளே மிஞ்சிய காற்று வெளியேறியதில் கொஞ்சம் குறைந்திருக்கும், நிரப்பிக்கொள்ளலாம். அதற்கு அடுத்த நாளும் குறைந்திருந்தால் கசிவு இன்னும் இருக்கிறது. அப்போது நிப்பிளை மேலும் இறுக்க வேண்டாம். கழற்றி, மரைக் கேஜை மறுபடி எடுங்கள்.